மெழுகு பூசிய கயிறு

ஜெயனிக்குக் கொஞ்சம் கைநீளம். காசு பணத்தில் அல்ல, கதையில். முந்தின கதையில் கைவைக்காமல் எழுதியவர் யாராவது உண்டா என்று அவளே சிரித்துக்கொண்டு கேட்பாள்.

இந்த முறை அவள் கைவைத்தது ஒரு கல்வெட்டில். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்த நினைவுப் புத்தகம்தான். காலமான அப்பாவின் பெட்டிக்குள் கிடந்தது. நாற்பது வருடத்துக்கு முன் கிணற்றுக்கட்டில் பாசி வழுக்கி விழுந்து இறந்த, உரும்பிராய்க் குணலட்சுமிக்காக அடித்தது. முதல் தாள்களைக் கறையான் தின்றதால் புருஷன் பெயர் இல்லை. பாட்டெல்லாம் உருக்கம்தான், ஆனால் வழுக்கி விழுந்தது ஒரு கதைக்குப் போதுமா? அதே பெட்டியில் இருந்த, அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த வாசிப்புப் புத்தகத்திலிருந்து இன்னொரு கதையை எடுத்துக் கோத்தாள். அதில் ஒருவன் கிணற்றுக் கயிற்றைப் பாதி அறுத்து, வெட்டுத் தெரியாமல் மெழுகு பூசி வைப்பான். தண்ணீர் அள்ள வந்த மனைவி கயிற்றோடு உள்ளே போவாள். பெயர்களை மாற்றி, கண் காது மூக்கு வைத்து ஞாயிறு இதழுக்கு அனுப்பினாள். அவள் இருக்கும் கோப்பாயே மெச்சியது.

புதன்கிழமை பின்னேரம் மூன்று வளவு தள்ளியிருக்கும் தம்பிஐயா மாஸ்ரர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவள் கணவன் ஐசாக் இன்னும் வேலை முடிந்து வரவில்லை.

"கதை வாசிச்சனான் பிள்ளை. உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை மாஸ்ரர். பழைய கல்வெட்டு ஒண்டிலை எடுத்தது."

"அதிலை பாசி எண்டுதானே கிடக்கு. எழுதினது நான். குணலட்சுமி என்ரை மனுசி."

ஜெயனிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பாவம், மனைவியைப் பறிகொடுத்த மனிதரைக் கொலைகாரனாக்கி ஊருக்கே விற்றுவிட்டாளே!

"ஐயோ, தெரியாமல் செய்துபோட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அது கிடக்கட்டும். மெழுகு எங்காலை வந்தது?"

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் உள்ளே ஓடி வாசிப்புப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினாள். எல்லாம் வெறும் கற்பனை என்று காட்டிவிட்டால் அவர் மனம் ஆறும் என்று நினைத்தாள்.

மாஸ்ரர் பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"எங்கடை வகுப்பிலையும் இதுதான் புத்தகம். இந்தக் கதையை நான்தான் எழும்பி நிண்டு வாசிக்கிறனான்," என்றார். "வேறை பிரதி இருக்கோ?"

"இல்லை," என்று சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் பார்த்தார். மோட்டர் பழுதாகி ஒரு வாரம். கப்பியில் புதுக்கயிறு தொங்கியது.

"கையாலையோ அள்ளுறீர்?"

"ஓம்."

"கவனம் பிள்ளை. கட்டெல்லாம் ஒரே பாசி."

படலையைப் பக்குவமாகச் சாத்திவிட்டுப் போனார். ஜெயனி கிணற்றைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அன்று காலையில்தான் அந்தக் கிணற்றுக்கட்டை அவள் தேங்காய்ப் பொச்சுப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.