கைக்குப் படியும் வரை

ஒரு சிறுநீரகத்தின் விலை இருபத்தைந்து நிமிடம். ரத்தக் குழாயை இடுக்கியால் அடைத்து, கட்டியை வெட்டி, காயத்தைத் தைத்து, அதற்குள் இடுக்கியை எடுத்துவிட வேண்டும். தாண்டினால் சரக்கு கெட்டுப் போகும். அங்கே பேரம் படியாது.

பேரம் பேசியே வளர்ந்த இரும்புக்கடைக்காரருக்கு அது தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வயித்தக் கிழிக்காம அஞ்சு ஓட்டையோட முடிச்சிருவீங்களாமே டாக்டர்? ஓட்டைக்கு இவ்வளவுன்னா நாலோட நிறுத்திக்குவோம்" என்றார். அவருக்கு இருந்ததே ஒரு சிறுநீரகம்தான்; மற்றது பிறவியிலேயே சூம்பிப் போனது. இருந்த ஒன்றில் கட்டி.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"நானூறுக்கு மேலம்மா."

பொய்யில்லை. அத்தனையும் வயிற்றைத் திறந்து கையால் செய்தவை. நாளைக்குச் செய்யப்போவதுபோல் ரோபோவில் செய்தவை ஆறு. வாங்கிப் போட்ட மெஷின் தூங்குகிறது என்று நிர்வாகி நச்சரித்தது ஒரு பக்கம். தன்னைவிடச் சின்னவர்கள் எல்லாம் அதில் உட்கார்ந்துவிட்டார்களே என்ற அரிப்பு மறுபக்கம்.

மறுநாள் டாக்டர் நோயாளியிடமிருந்து நாலு எட்டு தள்ளி, ரோபோவை இயக்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்தார். கட்டி அழகாக வந்தது. தையலில்தான் சனி பிடித்தது. நூல் எவ்வளவு இறுகுகிறது என்று இத்தனை வருஷமும் விரல்தான் அவருக்குச் சொல்லி வந்தது. இந்த யந்திரக் கை வாய் திறக்காது; கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பழக்கதோஷத்தில் விரலையே நம்பினார். நூல் அறுந்தது.

"பதினெட்டு நிமிஷம் சார்" என்றார் நோயாளியின் பக்கத்தில் நின்ற உதவி டாக்டர். "திறந்துருவோமா?"

"இருய்யா. இன்னும் ஒரே தையல்."

நஷ்டத்தில் ஓடும் கடையை மூட மனம் வராதவன் பேச்சு அது. அடுத்த நூல் அறுபடவில்லை. சதையை அறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் வயிற்றைத் திறந்து, கையால் தைத்து, இடுக்கியை எடுத்தபோது ஐம்பத்தெட்டு நிமிடம். சிறுநீரகம் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

வாரக்கணக்கில் காத்திருந்தும் அது உயிர் பெறவில்லை. இனி ஆயுளுக்கும் டயாலிசிஸ்தான் என்று சொல்ல, டாக்டர் அந்த அம்மாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சொன்னார். பிறகு, சொல்லாமல் விட்டதையும் சொன்னார்.

"நானூறுங்கிறது கையால பண்ணினதும்மா. மெஷின்ல இவர் ஏழாவது ஆள்."

அவள் கத்தவில்லை. பாதி நாள் கல்லாவில் உட்காருகிறவள்.

"கைக்குப் படிய எத்தனை பேரு வேணும்?"

"முப்பதுங்கிறாங்க."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன கத்துக்கிட்டீங்க?"

"நூலை எவ்வளவு இழுக்கணும்னு."

"வந்துருச்சா?"

டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து பண்ணினவருக்கு அறுபடல."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப முப்பதுல எட்டு கழிஞ்சுது. பாக்கி இருபத்திரண்டு பேரு."