எண்பது அடி உறிஞ்சும் பம்பு

நீலகிரியின் பைகாரா மின்சாரம் பல்லடம் பக்கத்துத் தோட்டங்களை எட்டிய வருஷம், கோயமுத்தூர் பட்டறை முதலாளி பங்காருசாமி நாயுடு ஒரு பம்பும் ஒரு நோட்டீசும் வெளியிட்டார். பம்பு, பட்டறை மேஸ்திரி சிக்கந்தரின் கைவேலை. நோட்டீசு முதலாளியின் சொந்தச் சரக்கு: ‘எண்பது அடி ஆழத்துத் தண்ணீரையும் மேலிருந்தே உறிஞ்சும்! கிணற்றில் இறங்க வேண்டாம்! மாடுகளை இன்றே விற்றுவிடுங்கள்!’

அச்சுக்குப் போகுமுன் சிக்கந்தர் சொல்லிப் பார்த்தார். “இருபத்தஞ்சு அடிக்கு மேல எந்தப் பம்பும் உறிஞ்சாதுங்க.”

“இருபத்தஞ்சுன்னு போட்டா எவன் வாங்குவான்?”

பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருந்த நாச்சியம்மாள் வாங்கினாள். அவள் கிணற்றில் தண்ணீர் அறுபது அடியில் கிடந்தது, பருத்தி வாடிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் பம்பை வைத்து, மாலை சாத்தி, தேங்காய் உடைத்து, முதலாளியே சுவிட்சைப் போட்டார். மோட்டார் கம்பீரமாகப் பாடியது. ஊரே குழாய் வாயைப் பார்த்து நின்றது. சொட்டுத் தண்ணீர் இல்லை.

“என்ன மேஸ்திரி செஞ்சு வெச்சிருக்கே? எம் பேரையே கெடுத்துபோட்டயே! நாளையிலிருந்து பட்டறைப் பக்கம் வராதே!”

பதினாறு வருஷ வேலை அத்தனை பேர் முன்னால் போனது. சிக்கந்தர் முதலாளியைப் பார்க்கப் பிடிக்காமல் கிணற்றுக்குள் பார்த்தார். அங்கே, முக்கால் ஆழத்தில், ஒரு பாறைத்திட்டு.

“அம்மணி, பம்பு மேல குத்தமில்லீங்க. வெச்ச எடந்தான் தப்பு. அந்தத் திட்டுல வெச்சா, கீழ பதினஞ்சு அடி உறிஞ்சி மிச்சத்தை மேல தள்ளிரும்.”

“இத்தனை கனத்தை எப்படீங்க ராவுத்தரே எறக்கறது?”

“மாட்டை வித்துபோட்டீங்களா?”

“நோட்டீசைப் பாத்து மாட்டை விக்க எனக்கென்ன கிறுக்கா?”

கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துப் பழகிய மாடுகளுக்குப் பின்னோக்கி நடக்கத் தெரியும். தோல்பறியைக் கிணற்றில் இறக்குவது அப்படித்தான். பறிக்குப் பதில் பம்பைக் கட்டினார்கள். மாடுகள் அடிமேல் அடியாகப் பின்வாங்க, ‘மாடுகளை ஒழிக்க வந்த மகா யந்திரம்’ மாடுகளின் தயவில் மெல்ல இறங்கியது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் பாய்ந்தது. முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். “எங்க கம்பெனின்னா சும்மாவா!”

“ஏனுங்க மொதலாளி,” என்றாள் நாச்சியம்மாள், “எங்க பங்காளிங்க நாலு பேரு பம்பு கேக்கறாங்க. ஆனா ராவுத்தர் எழுதுன நோட்டீசா இருந்தாத்தான் நம்புவாங்களாம்.”

நாலு பம்பு என்றதும் முதலாளியின் கோபம் ஆவியாகிவிட்டது. “நாளைக்கு நேரத்துல வந்துரு மேஸ்திரி. வந்ததும் எழுது.”

சிக்கந்தர் எழுதினார்: ‘இருபத்தைந்து அடி உறிஞ்சும். மீதியைத் தள்ளும். கிணற்றில் இறங்கத்தான் வேண்டும். மாடுகளை விற்காதீர்கள்.’

மேலே ‘அகில உலகப் புகழ் பெற்ற’ என்று மட்டும் சேர்க்கலாமா என்று முதலாளி கெஞ்சினார். அதனால் எந்தக் கிணற்றுக்கும் நஷ்டமில்லை என்று சிக்கந்தர் விட்டுக்கொடுத்தார்.