சால்வைக்கு அடியில் ஒரு கியர்பாக்ஸ்

ஹோதான் கியர்பாக்ஸின் எண்ணெய்த் துளைக்குள் சுட்டுவிரலை விட்டு, வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்தாள்.

"தங்கச்சி, அது கியர்பாக்ஸ். கறிக்குழம்பு இல்ல" என்றார் கடைக்காரர் ஜர்வலி கான்.

"எங்க ஊர்ல ரெண்டையும் மோந்து பாத்துட்டுத்தான் வாங்குவோம், கான் அண்ணே."

விரலில் ஒட்டிய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பிடித்துத் திருப்பினாள். இரும்புத் தூள் ஒன்றுகூட மின்னவில்லை. அப்பாடா என்றிருந்தது. போன வருடம் ஏஜெண்டை நம்பி, தன் ஊரான வஜீரில் இருந்தபடியே ஒன்றை வரவழைத்தாள். வெடிப்பை ஒட்டவைத்து மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். நாற்பதே நாள்தான் ஓடியது. அதனால்தான் இந்த முறை விமானம் ஏறி ஷார்ஜாவுக்குத் தானே வந்துவிட்டாள்.

வந்து மூன்று நாள் ஆகிறது. பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் தெருத் தெருவாக ஏறி இறங்கி, ஆறு கியர்பாக்ஸைப் புரட்டிப் பார்த்து, ஏழாவதாக இது.

அவளுடைய லேண்ட்குரூசர் பிக்கப் வஜீரிலிருந்து எல்தாஸ் வரை மணலிலும் கல்லிலும் ஓடுகிற வண்டி. ஆட்களும் ஆடுகளும் ஒன்றாகப் போவார்கள். ஆடுகளுக்குத்தான் நல்ல இடம் கிடைக்கும். இன்ஜினிலிருந்து வரும் விசையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்தனுப்பும் சின்ன கியர்பாக்ஸ் போய்விட்டதால், இப்போது பின்சக்கரம் இரண்டும்தான் இழுக்கின்றன. வெயில் காலத்தில் சமாளிக்கலாம். அக்டோபர் மழை விழுந்தால் அந்தப் பாதை முழுக்கச் சேறு. அதைவிட முக்கியம் வருகிற புதன்கிழமை. குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பெட்டிகளை மழைக்காலம் முழுவதும் கொண்டுபோகும் வேலையை அவளுக்கே தருவதாகச் சுகாதாரத் துறையில் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை காலை நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைக் கண்ணில் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

இன்று வெள்ளி. சரக்கு விமானத்துக்கு மாலை நான்கு மணிக்குள் பொருளைக் கொடுத்தாக வேண்டும். அவளுக்கு நாளை விடிகாலையில் விமானம்.

ஊரிலிருக்கும் மெக்கானிக் ஹலக்கேயை வீடியோவில் அழைத்தாள். திரையில் முதலில் தெரிந்தது அவன் மூக்கு.

"போனைத் தள்ளிப் பிடிடா. உன் மூக்கையா பாக்கணும் நானு?"

"அக்கா, நீங்க கேமராவ அது மேல காட்டுங்க. ஆங்... தண்டைச் சுத்துங்க. மெதுவா. பேசாதீங்க, சத்தத்தக் கேக்கணும்."

தண்டைச் சுற்றினாள். லிவரை மாற்றிப் போட்டு மறுபடி சுற்றினாள். தயிர் கடைவது போல வழுவழுவென்று ஓடியது. எட்டிப் பார்த்துப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள்.

"அக்கா, இதுதான்! விடாதீங்க. கட்டிப் பிடிச்சுக்கோங்க" என்று கத்தினான் ஹலக்கே.

அவன் கத்தியது கடை முழுக்கக் கேட்டது. ஹோதான் பட்டென்று போனை அணைத்தாள். விற்கிறவன் காதில் விழக்கூடாத வார்த்தை அது.

"என்ன விலை, அண்ணே?"

"ரெண்டாயிரத்து அறுநூறு திர்ஹம்."

"ஆயிரத்து எண்ணூறு தரேன்."

"ஒரே விலை, தங்கச்சி."

"ரொக்கமாத் தரேன். இப்பவே தூக்கிட்டுப் போறேன்."

ஜர்வலி கான் தாடியைத் தடவிக்கொண்டு ஓரக்கண்ணால் மூலையைப் பார்த்தார். அங்கே டயர் அடுக்கின் மேல் ஒருவர் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இலுங்கா. காங்கோவின் லுபும்பாஷிக்காரர். வருடத்துக்கு மூன்று முறை வந்து கண்டெய்னர் கண்டெய்னராக அள்ளிப்போகிற பெரிய கை. அவர் மடியில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. பேனா காற்றில் நின்றது.

"ஒரே விலைதான்" என்றார் கான், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. "எல்லாருக்கும்."

இலுங்கா சுவாஹிலியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்மணி, இந்தக் கல்லுலேர்ந்து தண்ணி எடுக்கப் பாக்குறீங்களே. நானும் இதே மாதிரி எட்டு கேட்டுக்கிட்டு காலைலேர்ந்து உக்காந்திருக்கேன். டீதான் கிடைச்சுது."

ஹோதான் வெளியே வந்துவிட்டாள். கையிலிருந்த பணத்தில் சரக்குக் கட்டணத்தை ஒதுக்கினால் இரண்டாயிரத்து நூறு மிஞ்சும். அந்த நூறும் டாக்ஸிக்கு.

அடுத்த தெருவில் இன்னும் மூன்று கடை பார்த்தாள். ஒன்றில் பல் மழுங்கியிருந்தது. ஒன்றில் எண்ணெய் துணியில் வெள்ளி நட்சத்திரமாக மின்னியது. மூன்றாவது கடைக்காரன், "இது வேற மாடல்தான், ஆனா தட்டினா உள்ளாற போயிடும்" என்றான்.

"தட்டுற கை உன்னோடதா, என்னோட மெக்கானிக்கோடதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஜும்மா தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறந்துகொண்டிருந்தன. மணி இரண்டு. கால்கள் தாமாக ஜர்வலி கான் கடைப் பக்கம் நடந்தன. வாசலுக்கு எதிரே வந்தவள் சட்டென்று நின்றாள்.

கானும் பக்கத்துக் கடைக்காரரும் ஓர் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். இருவர் வாயும் மூடியிருந்தது. கானின் தோளில் கிடந்த பருத்திச் சால்வை இப்போது இருவர் கைகளின் மேல் விரிந்திருந்தது. அதற்கடியில் விரல்கள் அசைவது தெரிந்தது. ஒருவர் முகம் சுளித்தார். மற்றவர் தலையாட்டினார். மறுபடி துணி அசைந்தது. பிறகு இருவரும் கையை உருவிக்கொண்டு சிரித்தார்கள். வியாபாரம் முடிந்தது. என்ன விலைக்கு என்று பக்கத்தில் நின்ற ஈக்குக்கூடத் தெரியாது.

ஹோதான் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வஜீரின் ஒட்டகச் சந்தையில் வளர்ந்தவள் அவள். அங்கே விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துணிக்கடியில் விரலைப் பிடித்தால் நூறா ஆயிரமா என்று புரிந்துகொள்வார்கள். வாயைத் திறந்து ஒரு விலையைச் சொன்னால், சந்தையிலிருக்கும் அத்தனை ஒட்டகத்துக்கும் அதுதான் விலையாகிவிடும். வாயால் விலை கேட்கிறவனைச் சந்தைக்குப் புதியவன் என்று குழந்தைகள்கூடக் கேலி செய்யும். அப்படிப்பட்டவள், சுவரும் பெயர்ப்பலகையும் இருக்கிற கடையைப் பார்த்ததும் இங்கே வாயால்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஆயிரத்து எண்ணூறை இலுங்காவின் காதுக்குள் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றுக்குக் குறைத்தால் அவருக்கு எட்டுக்கும் குறைக்க வேண்டும். கான் பாவம், என்ன செய்வார்?

உள்ளே போனாள். இலுங்கா அதே டயர் அடுக்கில் வேறொரு டீயோடு இருந்தார்.

"திரும்பி வருவேன்னு தெரியும்" என்றார் கான். "அதே விலைதான்."

"விலையப் பத்தி இனி நான் வாயே திறக்க மாட்டேன், அண்ணே. உங்க சால்வையக் கொஞ்சம் மேசை மேல விரிங்க."

கான் புருவத்தை உயர்த்தினார். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல ஒட்டகம் இப்படித்தான் கை மாறும்."

"எங்கப்பா எங்க ஊரு பன்னுச் சந்தைல எருமை வித்தவரு!" கானின் முகமே மாறிவிட்டது. உடனே வாடியது. "ஆனா தங்கச்சி, உன் கைய நான் எப்படிப் பிடிக்கிறது?"

அது உண்மைதான். ஊரிலும் அவள் ஒட்டகத்துக்காகக் கை நீட்டுவது தரகர்தான். அந்நிய ஆணோடு அவள் விரல் கோத்ததில்லை, கோக்கவும் மாட்டாள். சுற்றிலும் பார்த்தாள். மேசையோரம் ஒரு தகர டப்பா நிறைய போல்ட்டும் நட்டும் கிடந்தன. கவிழ்த்தாள்.

"பெரிய போல்ட் ஆயிரம், நட்டு நூறு" என்று கானின் பக்கம் குனிந்து, அதுவரை எல்லாரும் பேசிய மொழியை விட்டு, இலுங்காவுக்குப் புரியாத சந்தை அரபியில் மெல்லச் சொன்னாள். "நான் வச்சுட்டுக் கைய எடுத்துக்கறேன். அப்புறம் நீங்க தடவிப் பாருங்க."

கான் சால்வையை விரித்தார். ஹோதான் கையை உள்ளே விட்டு ஒரு போல்ட்டும் ஆறு நட்டும் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். கான் கையை விட்டார். கூரையைப் பார்த்தார். முள் குத்தியவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு எதையோ மாற்றி வைத்தார்.

அவள் தடவினாள். இரண்டு போல்ட், நான்கு நட்டு.

"என்ன நடக்குது அங்க?" என்று இலுங்கா எழுந்து வந்தார்.

"நட்டு பொறுக்குறோம்" என்றார் கான்.

"துணிக்கு அடியிலயா?"

"தூசு படாம இருக்க."

ஹோதான் ஆயிரத்து எண்ணூறு வைத்தாள். கான் இரண்டாயிரத்து இருநூறு ஆக்கினார். அவள் மூச்சை இழுத்துவிட்டு இரண்டு பெரிய போல்ட்டை மட்டும் விட்டுவிட்டு நட்டு எல்லாவற்றையும் ஒதுக்கினாள். இரண்டாயிரம். கானின் கை உள்ளே போய் வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு வெளியே வந்தது.

அவள் தடவினாள். இரண்டு போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நட்டு.

டாக்ஸிக்கு வைத்திருந்த நூறு. ஐம்பது கிலோ இரும்பை வெயிலில் தலையிலா சுமப்பது? மணி இரண்டரை. புதன்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. அந்த நட்டை அவள் தொடவில்லை. கையை உருவிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

கான் சால்வையோடு சேர்த்து எல்லாவற்றையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு மேசையில் ஓங்கித் தட்டினார். முடிந்தது. அவள் பணத்தை எண்ணி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்காமலே பெட்டிக்குள் வைத்தார்.

"எவ்வளவுக்கு முடிஞ்சுது?" இலுங்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல விலைக்கு" என்றாள் ஹோதான்.

"ரொம்ப நல்ல விலைக்கு" என்றார் கான்.

"அப்ப எனக்கும் ஒரு துணி விரிங்க!"

"உனக்குத் துணி பத்தாது. கம்பளம்தான் விரிக்கணும். போன தடவ உனக்கு இன்ஜின்ல எவ்வளவு விட்டுக் கொடுத்தேன்னு இவகிட்ட சொன்னேனா? சொல்லவா?"

இலுங்கா அவசரமாக டீயை உறிஞ்சினார். "வேணாம், வேணாம். அது நமக்குள்ள."

கடைப் பையன்கள் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கியர்பாக்ஸை வாசல்வரை கானே உருட்டி வந்தார். ஹோதான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். அவள் டாக்ஸியைக் கூப்பிடாததை இலுங்கா கவனித்தார்.

"என் லாரி அந்தப் பக்கம்தான் போகுது, அம்மணி. ஏத்திக்கோங்க. வாடகை வேணாம். போற வழில அந்த விலைய மட்டும் சொல்லிடுங்க."

"ஏத்திக்கிறேன், அண்ணே. ஆனா சொல்ல மாட்டேன்."

"பாதி விலையாவது?"

"பாதி தெரிஞ்சா மீதியக் கணக்குப் போட உங்களுக்குத் தெரியாதா?"

இலுங்கா வயிறு குலுங்கச் சிரித்தார். கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, கியர்பாக்ஸின் ஒரு பக்கத்தை அவரே தூக்கினார்.

போகிற வழியெல்லாம் விடாமல் கேட்டார். இரண்டாயிரத்துக்கு மேலா கீழா, மேல் என்றால் தலையாட்டுங்கள் என்றார். ஹோதான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒட்டகம் எப்படி மூன்று வாரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாற்பதுக்குச் சரக்கு அலுவலகம். தராசு ஐம்பத்து நாலு கிலோ காட்டியது. குமாஸ்தா படிவத்தை நகர்த்தினான். "பொருளோட மதிப்பு எவ்வளவு?"

அவள் தோளுக்கு மேல் ஒரு பெரிய தலை எட்டிப் பார்ப்பதை உணர்ந்தாள்.

"பேனா குடு தம்பி. நானே எழுதிக்கறேன்" என்று இடது கையால் படிவத்தை மறைத்து எழுதி, மடித்துக் கொடுத்தாள்.

"அடடா!" என்றார் இலுங்கா. "நான் கானோட கடைக்கே போறேன். பழைய போர்வை எங்க கிடைக்கும் இங்க?"

சீட்டில் முத்திரை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நைரோபியில் பொருள் கைக்கு வரும். அன்று இரவு பஸ்ஸின் கூரையில் கட்டினால் திங்கள் மதியம் வஜீர். ஹலக்கேக்கு முழுதாக ஒன்றரை நாள் இருக்கிறது.

அவனை அழைத்தாள்.

"அனுப்பியாச்சு."

"அதேதானே, அக்கா? அந்த வழுவழு?"

"அதேதான். நீ இப்பவே பழசக் கழட்ட ஆரம்பிச்சுடு. நான் வந்து இறங்கும்போது வண்டிக்கடில இடம் காலியா இருக்கணும்."

 போனுக்குள் ஏதோ இரும்பு தொம்மென்று தரையில் விழுந்தது; ஆடு ஒன்று மிரண்டு கத்தியது.

"ஹலக்கே? என்னடா அது?"

"பழசுதான், அக்கா" என்றான் மூச்சு வாங்க. "நீங்க காலைல போனை வச்சதுமே கழட்ட ஆரம்பிச்சுட்டேன்."