முதுகுத்தூண்

டாக்டர் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. "அவசரமே இல்லம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அதே மூச்சில், "சாயங்காலம் பெரிய டாக்டர் வருவாரு, அதுக்குள்ள சொல்லிட்டா நல்லது" என்றும் சொன்னார்.

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் குழாயும் ஒயருமாகக் கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏற்றுவதும் இறக்குவதும் மெஷின். மண்டைக்குள் ஒன்றும் மிச்சமில்லை, மெஷினை எடுத்தால் மூச்சு நின்றுவிடும், எடுக்காவிட்டால் உடம்பு இப்படியே கிடந்து தானாக அழுகும். இதை டாக்டர் பூசி மெழுகித்தான் சொன்னார். ஆனால் பூச்சு வேலை பார்த்த குடும்பத்துக்குப் பூச்சுக்கு உள்ளே இருப்பது தெரியாதா? எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியது பெண்சாதி.

பெண்சாதிதான் அவருக்குச் சித்தாளும். கல்யாணத்துக்கு முன்னே அவர் கைக்குச் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான், பின்னே கொடுத்தவளும் அவள்தான். அன்றைக்கும் சாரத்துக்குக் கீழேதான் நின்றாள். சட்டியைத் தூக்கி மேலே நீட்டிய கையில் வாங்க ஆள் இல்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பியவளைக் கொழுந்தன் தடுத்தான்.

"எங்க அண்ணி போறீங்க, இந்த நேரத்துல?"

"கோயிலுக்கு."

"ஆஸ்பத்திரி வாசல்லயே ஒரு சாமி இருக்கே."

"அதுக்கு இந்த வார்டு ஆளுங்களைப் பார்க்கவே நேரம் பத்தல. நீ அண்ணன் பக்கத்துல இரு தம்பி. வந்துடறேன்."

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அவளுக்கு அந்தச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில் ஒரு தூண் இருந்தது.

பஸ் போய் நிற்கிற கடைசியில் இருக்கிறது அந்தக் கோயில். எவ்வளவு பழசு என்று யாருக்கும் சரியாகத் தெரியாத அளவுக்குப் பழசு. போன மழைக்கு முந்தின மழையில் ஒழுகிய மண்டபத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து வைக்கக் கொத்தனாரைக் கூட்டிப் போனார்கள். அந்த நாளில் மட்டும் அவள் வேறு கட்டடத்தில் வேலைக்கு இருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் மனிதர் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, கோயில் கதை ஒன்று அவிழ்ப்பார். அதில் ஒன்றுதான் தூண் கதை.

கோபுரம் கட்டுகிற நாளில் சிற்பி ஒருத்தன் சாரத்திலிருந்து விழுந்தானாம். மூச்சு நின்றதாம். அவனுக்குக் கல் சுமந்த பெண்சாதி, மண்டபத்துத் தூணில் முதுகைக் கொடுத்து நின்று, "நீ கூப்பிட்டு உன் வேலைக்கு வந்த ஆளு. திருப்பிக் குடு" என்றாளாம். நின்றாளாம், நின்றாளாம், கல் தேய்கிற மட்டும் நின்றாளாம். மூச்சு திரும்பியதாம். பள்ளம் இன்னும் இருக்கிறதாம்.

"கல்லு எப்படிங்க தேயும்?" என்று கேட்டிருந்தாள்.

"எறும்பு ஊரக் கல்லு தேயுதாம். உன் முதுகுக்குத் தேயாதா?"

"என் முதுகா?"

"பேச்சுக்குச் சொன்னேன், மேஸ்திரியம்மா" என்று சிரித்தார்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் தூண். காடு மாதிரி நின்றன. எதிலே பள்ளம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். குடையைத் தூக்கிப் பிடித்து ஒரு கூட்டத்தை நடத்திப் போன கைடின் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

கைடுக்கு நல்ல குரல். கட்ட ஆரம்பித்தது ஒரு ராஜா, சண்டையில் பாதியோடு நின்றது, இரண்டாவது ராஜா அண்ணன் தம்பி தகராறில் மதிலோடு விட்டான், மூன்றாவது வந்தவன் நாலு கல்லை வைத்துவிட்டு மொத்தத்துக்கும் தன் பேரை வெட்டிக்கொண்டான் என்றார். நந்திக்கு முன் கூட்டம் நின்றது. நந்தி சாமியைப் பார்க்காமல் கழுத்தை ஒரு பக்கம் திருப்பியிருந்தது.

"கல் இழுத்த கூலியாளை ஒருத்தன் சாட்டையால அடிச்சானாம். என்ன சத்தம்னு நந்தி திரும்பிப் பார்த்துச்சாம். அப்புறம் சாமி பக்கம் திரும்பவே இல்லையாம். இது கதை. வரலாறு என்னன்னா, கல்லு பத்தல. நேரா வெட்ட இடமில்லாம சிற்பி கழுத்தைத் திருப்பிட்டான்."

"கதையே நல்லாருக்கு, அதோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள், கனத்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கூட்டம் சிரித்தது.

சித்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிழல் நீள்வதைப் பார்த்தபடி முன்னால் முட்டிக்கொண்டு போனாள்.

"சார், சிற்பி பொண்டாட்டி நின்ன தூண் எது?"

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"பள்ளம் விழுந்திருக்கும் சார்."

"ஓ, அதுவா? வாங்க, அந்தப் பக்கம்தான் போறோம்."

மண்டபத்தின் மூலையில் இருந்தது. நிஜமாகவே இருந்தது. கருங்கல்லில் ஒரு முதுகு அகலத்துக்கு வழவழவென்று பள்ளம். கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

"சண்டைக்கு அப்புறம் ரொம்ப காலம் இந்தக் கோயில்ல பூசையே இல்ல" என்றார் கைடு. "இந்த வழியாப் போன வண்டிக்காரங்க மண்டபத்தைக் கொட்டகை ஆக்கிட்டாங்க. கீழ பாருங்க, கயிறு அறுத்த தடம். மேல இருக்கிறது மாடு சொறிஞ்ச பள்ளம். தலைமுறை தலைமுறையா உரசியிருக்கு."

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்தது என்பார்களே, அது இத்தனை நேராக ஒருத்தர் தலையில் வந்து விழும் என்று அவள் நினைத்ததில்லை. கும்பிடப் போன கை பாதியில் நின்றது.

"நீங்க கேட்டது என்ன கதைம்மா?" என்றாள் மூக்குக்கண்ணாடி அம்மா.

சொன்னாள். கொத்தனார் சொன்ன மாதிரியே, ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். கூட்டத்தில் போட்டோ எடுத்தவர்கள் எடுப்பதை நிறுத்தினார்கள். மூக்குக்கண்ணாடி அம்மா பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் நின்றாள்.

"மாடு உரசினா இவ்வளவு வழவழப்பா வருமா சார்?"

"வரும்மா. வந்திருக்கு." கைடு சித்தாளைப் பார்த்தார். "இதை உங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர். இங்க சாந்து வேலை பார்த்தார்."

"யாரு, மீசை மேஸ்திரியா?" கைடு முகம் மலர்ந்துவிட்டது. "அந்த மனுஷன் என்கிட்ட வேற மாதிரி சொன்னாரும்மா. ஒரு ராஜாவுக்கு முதுகுல அரிப்பாம், சொறிய ஆள் வெக்கக் கூச்சமாம், ராத்திரி ராத்திரி ஒளிஞ்சு வந்து தூண்ல தேச்சானாம். பத்து பேரு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா பத்து பேருக்கும் பத்து கதை. எப்படி இருக்காரு?"

"இருக்காரு" என்றாள்.

"கேட்டேன்னு சொல்லுங்க."

குடை நகர்ந்தது. கூட்டம் அதன் பின்னால் போயிற்று. அவள் நின்றுகொண்டாள்.

அவர் புளுகர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வேலைத்தளமே அறிந்தது. இந்த ஒரு கதையை மட்டும் ஏன் நம்பினாள்? நம்பினாளோ, நம்பவேண்டியிருந்ததோ. வந்தது வந்தாயிற்று என்று திரும்பி, முதுகைப் பள்ளத்தில் கொடுத்தாள்.

அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. தோள்பட்டை முதல் நடுமுதுகு வரை இம்மி பிசகவில்லை. கொத்தனார் அவளைவிட நல்ல உயரம். அவர் சாய்ந்தால் பள்ளம் தோளுக்கு எட்டாமல் நடுமுதுகோடு முடிந்துவிடும். உட்கார்ந்து சாய்ந்தாலோ யாருக்கும் தலைகூட எட்டாது. அதனால்தான் கதையில் அந்தப் பெண் நின்றாள். "ஏன் நிக்கணும், உட்காரக் கூடாதா?" என்று அன்றைக்கு இவள் கேட்டதற்கு, "உட்கார்ந்தா எட்டாது" என்று பட்டென்று சொன்னாரே, அப்போது அவர் கண்ணுக்குள் இந்தத் தூணும் இவள் உயரமும் இருந்திருக்கின்றன. நேர் பார்க்கத் தூக்குக்குண்டு பிடிக்காமல் ஒரு செங்கல் வைக்காத மனிதர். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவர், பெண்சாதியின் முதுகுக்குப் பொருந்தச் சொல்லியிருக்கிறார்.

மாடோ மனுஷியோ, கல் கல்தானே. "திருப்பிக் குடு" என்றாள். வாய்விட்டே சொன்னாள். "உன் மண்டபம் ஒழுகினப்ப வந்து அடைச்ச ஆளு. திருப்பிக் குடு." குதிகாலை ஊன்றி, முதுகை அழுத்தி, சட்டி சுமந்து காய்த்த கழுத்தைக் கல்லோடு ஒட்டி நின்றாள். கல் சில்லென்று இருந்தது. தூரத்தில் கைடு எதையோ சொல்ல, கூட்டம் சிரித்தது. மறுபடி சொன்னாள். சாபம் கொடுப்பது போலச் சொன்னாள், கெஞ்சினாள், பல்லைக் கடித்தாள். கால் கடுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் கதையின் வால் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு விடாமல் கேட்டிருந்தாள்: "அப்படி நின்னும் மூச்சு வரலேன்னா?"

கொத்தனார் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "வரலேன்னா கால் வலிக்கும்ல? உட்கார வேண்டியதுதான். செத்தவன் கோவிச்சுக்கவா போறான்? காலையில அவ திரும்பச் சட்டி தூக்கணும்."

"வாயைக் கழுவுங்க" என்று திட்டியிருந்தாள்.

செல்போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, பெரிய டாக்டர் வந்துட்டாரு. என்ன சொல்லட்டும்?"

"அண்ணன் கையைப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"கை மாதிரியே இல்ல அண்ணி."

அவள் முதுகு கல்லோடு சறுக்கிக்கொண்டே இறங்கியது. வழவழப்பு முடிந்த இடத்தில் கல் முரடாகி ரவிக்கையைப் பிராண்டியது. தரையில் உட்கார்ந்தாள். கயிறு அறுத்த தடம் காதோரம் இருந்தது.

"எடுத்துடலாம்னு சொல்லு. நான் வந்து கையெழுத்துப் போடறேன். நான் வர்ற வரைக்கும் ஓடட்டும். ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் எடுக்கட்டும்."

"அண்ணி…"

"கையை விட்டுடாத."

போனை முந்தானையில் முடிந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. நிமிர்ந்தபோது மூக்குக்கண்ணாடி அம்மா எதிரே நின்றாள். கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"முடிஞ்சுதாம்மா உங்களுக்கு?" என்றாள் தயங்கி. "என் பொண்ணுக்காக. டாக்டருங்க கை விரிச்சுட்டாங்க."

அது பொய்யிம்மா, எங்க வீட்டுக்காரர் சோறு தின்னுக்கிட்டே கட்டினது என்று தொண்டை வரைக்கும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையை ஊன்றி எழுந்து இடம் விட்டாள்.

"நின்னுக்கிட்டே சாயணும். உட்கார்ந்தா எட்டாது."

அந்த அம்மா முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சித்தாள் பஸ்ஸுக்கு நடந்தாள். நாலு தூண் தாண்டியதும் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"கால் வலிச்சா உட்கார்ந்துக்கங்க."