ரப்பர் கட்டிய பொத்தான்

மறுபடியும் மிருகத்தின் தாடை மூடிக்கொண்டது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ராணி விழுந்தாள். ஜெனிபர் ஜாய்ஸ்டிக்கைக் கட்டிலில் ஓங்கி அடித்தாள்.

சின்ன வயதில் அவளும் தம்பி பென்னியும் டிவியில் கேசட் செருகி ஆடிய ‘சுரங்க ராணி’யா இது? அதில் குகை குகையாகச் சுற்றி, ஆயுதம் தேடி எடுத்து, பூட்டிக் கிடந்த கதவுக்குத் திரும்பி வர வேண்டும். எதிரி செத்தால் பொசுக்கென்று மறைந்துவிடும். இப்போது அதையே கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். குகை அதே குகைதான், ஆனால் வெட்டினால் குடல் சரிகிறது. கடைசி மிருகத்துக்கு அன்று ஒரு பொத்தான் போதும். இன்று அதன் வாயைத் திறந்தபடி நிறுத்த, ஜாய்ஸ்டிக்கின் இடப்பக்கத்து இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். இதை யோசித்தவன் தலையில் இடி விழ! அதற்கு வேண்டிய இரண்டு விரல்களைத்தான் கும்மிடிப்பூண்டி பிரஸ் ஷாப்பில் மெஷின் தின்றுவிட்டதே.

“குடுக்கா, ஒண்ண நான் அமுக்கினுகிறேன்” என்று பென்னி கை நீட்டினான். ஜெனிபர் முழங்கையால் ஒரே இடி இடித்தாள். அவன் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் அரசப்பன் ஆப்பிள் பையோடு வந்து உட்கார்ந்தார்.

“நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வராரும்மா. பட்டன்ல ரப்பர் கட்டலன்னு சொல்லிடு. பென்னியும் நம்ம கம்பெனிலதானே கீறான்? பேஜார் பண்ணாத.”

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் தகடு வெட்டும் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. டார்கெட் எட்ட வேண்டுமே என்று ஷாப்பில் எல்லோரும் ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டிவிட்டு, அந்தக் கையால் தகடு எடுப்பார்கள். ரப்பரை வெட்டிக் கொடுப்பதே அரசப்பன்தான். அவள் அலறிக்கொண்டிருந்தபோது பிளேடால் அதை அறுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதும் அவரேதான்.

ஜெனிபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய், வாசலில் நின்ற சைக்கிளின் கேரியரிலிருந்து ரப்பரைக் கழற்றி வந்தாள். ஒரு பொத்தானின் மேல் அதைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“அக்கா, வாணாம்க்கா.” பென்னி கெஞ்சினான்.

இன்னொரு பொத்தானை மோதிர விரலால் அழுத்தினாள். தாடை திறந்தபடி நின்றது. ராணி உள்ளே பாய்ந்தாள். நாக்கை அறுத்தாள், தொண்டையைக் கிழித்தாள், கண்ணைப் பிடுங்கினாள். திரை முழுக்க ரத்தம். மிருகம் செத்த பிறகும் ஜெனிபர் விடாமல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு முடிச்சை அவிழ்த்து, ரப்பரை அரசப்பன் மடியில் போட்டாள்.

“ரப்பர் இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி அதே மெஷின்ல நானே கட்டிக் காட்டுறேன். நீங்க கைய உள்ள வெச்சிக் காட்டுங்க.”

அரசப்பன் எழுந்தார். கை இரண்டும் தாமாகவே பேண்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தன.

பென்னி உதட்டைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

“நானும் வரேங்க்கா. மெஷின் சுவிட்ச நான் போடறேன்.”