தொண்டை சரியில்லாத அம்மா

புஷ்பா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். ஸ்டாண்டில் அவள் ஒரு குரல் கொடுத்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட வந்து ஏறிக்கொள்வார்கள். அந்தக் குரலைத்தான் ஒரு நாள் மட்டும் அடக்கி வைக்கச் சொன்னாள் மகள் வர்ஷா.

வர்ஷாவுக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. அலுவலகத்தில் குடும்ப விழா, பெற்றோரைக் கண்டிப்பாக அழைத்து வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புடவையையும் செருப்பையும் அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். கடைசியில் பஸ்ஸில் வைத்து, அங்கே வந்து அதிகம் பேசாதே என்றாள். புஷ்பாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தலையாட்டினாள்.

அலுவலக வாசலிலேயே வர்ஷாவின் மேலதிகாரி ரேஷ்மா, தன் அம்மா நாகம்மாவோடு எதிரே வந்து நலம் விசாரித்தாள். புஷ்பா வாயைத் திறப்பதற்குள் வர்ஷா முந்திக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தொண்டையில சின்ன ஆபரேஷன். பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

புஷ்பா மகளைப் பார்த்தாள். வர்ஷா கூரையைப் பார்த்தாள்.

அதன் பிறகு எல்லோரும் புஷ்பாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பஜ்ஜி சுற்றி வந்தது, அவளுக்கு மட்டும் வெந்நீர். மற்றவர்கள் தட்டில் பிரியாணி, அவள் தட்டில் குழைந்த ரசம் சாதம். ஐஸ்கிரீம் பக்கத்து நாற்காலியோடு திரும்பிப் போனது. பொய் சொன்ன மகளைவிட அந்த ஐஸ்கிரீம்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகம்மா சாத்தூர்க்காரி. பதில் பேச முடியாத ஆள் கிடைத்ததும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டத் தொடங்கினாள். மகளோடு வந்து தங்கி ஒரு வருஷம் ஆகிறதாம். இன்னும் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறாளாம். இன்று வருவதற்காக மகள் சொன்னபடி தலைக்குச் சாயம் போட்டாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னையப் பாத்தா அவளுக்குக் கூச்சமா இருக்கு போலக்கா. கண்ணாடியப் பாத்தா எனக்கே யாரோ மாதிரி இருக்கு."

புஷ்பாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"முடி நல்லாத்தான் கீது. நீ ஏன் கலங்குற?"

நாகம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். புஷ்பாவின் சிரிப்பு பொத்தினாலும் அடங்குகிற சிரிப்பு இல்லை. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வர்ஷாவும் ரேஷ்மாவும் ஓடி வந்தார்கள்.

ஆன்ட்டிக்குப் பேச்சு வந்துவிட்டதா என்று ரேஷ்மா கேட்டாள். இப்போதுதான் சரியானது என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் தப்பித்துவிடுவாள். புஷ்பா சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பொய் சொன்னவளே அதை அவிழ்க்கட்டும் என்பது அவள் எண்ணம்.

வர்ஷா ரேஷ்மாவின் பக்கம் திரும்பினாள். "ஆபரேஷன் எல்லாம் இல்ல. அம்மா பேசுற பேச்சு இங்க ஒரு மாதிரி தெரியும்னு நான்தான் பொய் சொன்னேன். நானே மீட்டிங்ல வாயத் திறக்கிறது இல்ல. தப்பித் தவறி ஊட்டுப் பேச்சு வந்துருமோன்னு பயம்."

ரேஷ்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். தன் அம்மாவின் சாயம் போட்ட தலையைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு நாகம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புஷ்பா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "என்னை நெனச்சு வெக்கப்பட்டே, போவட்டும். உன்னை நெனச்சே வெக்கப்பட்டா எப்டி? அந்த வாய வெச்சுத்தானே இம்மாந்தூரம் படிச்சே?"

வர்ஷா போய் ஒரு தட்டு பிரியாணி வாங்கி வந்து அம்மா முன்னால் வைத்தாள். புஷ்பா மறுக்கவில்லை. பெற்றோருக்கான விளையாட்டில் மைக் கைக்கு வந்தபோது அதையும் மறுக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அதிகம் கைதட்டல் வாங்கியது அவள்தான்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வர்ஷா கேட்டாள்.

"கோவமா கீறியாம்மா?"

"கீறேன். நாளைக்குப் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு நாகம்மா மீன் குழம்பு சாப்பிட வருகிறாள், வஞ்சிரம் வாங்க வேண்டும், ரேஷ்மாவுக்குக் காரம் ஆகுமா என்று கேட்டுச் சொல் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டே வந்தாள் புஷ்பா. வர்ஷா போனை எடுத்து ரேஷ்மாவைக் கூப்பிட்டாள்.