அத்தான் ஓட்டிப் பார்த்த சைக்கிள்கள்

சைக்கிள் எனக்கு. ஓட்டிப் பார்த்தவர் அத்தான்.

முதலில் ஒரு சிவப்பு சைக்கிளில் ஏறி, கடை வாசலிலிருந்து தெருமுனைத் தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது முகத்தில் குதிரையை அடக்கியவரின் களை.

"சூப்பரா போகுது," என்றார் என்னிடம்.

அவருக்கு சூப்பராகத்தான் போனது. அவர் உயரத்துக்கு சீட்டை ஏற்றியிருந்தார்கள். அது என் விலா எலும்புக்கு நேராக நின்றது.

அத்தான் கடைசியாக சைக்கிள் மிதித்தது எப்போது என்று அக்காவுக்கே தெரியாது. ஆனால் ஒரு வாரமாகச் சாப்பிடும்போதெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து சைக்கிள் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். இப்போது கார்பன், கியர், டிஸ்க் பிரேக் என்று அவர் வாயில் வராத சொல் இல்லை. சைக்கிள் யாருக்கு என்பது மட்டும் வரவில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பிழைக்கிறேன். பாக்டீரியாக்கள் யாரையும் பேசச் சொல்வதில்லை. தண்ணீர் மாதிரியை ஊற்றி மூடி வைத்த தட்டுகளை மறுநாள் காலையில் திறந்து, எத்தனை புள்ளிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். தாமதமானால் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எண்ண முடியாது. அதனால் விடிந்தவுடன் நான் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு பஸ் இருந்தது. நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து அத்தான் காரில் கொண்டுவிடுகிறார். நான் இருப்பது அக்கா வீட்டில். மறுக்க முடியாது. "மச்சினிச்சிக்காக டிரைவர் ஆயிட்டேன்" என்று நண்பர்களிடமும் மாடி வீட்டுக்காரரிடமும் காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும் சொல்லியாயிற்று. தியாகம் என்றால் நாலு பேர் காதில் விழ வேண்டும் அல்லவா? ஆனால் அலாரம் வைத்து அவருக்கு முன்னால் எழுபவள் அக்கா. வெந்நீர், காபி, தேய்த்த சட்டை எல்லாம் தயாரான பிறகுதான் தியாகி கண் திறப்பார். ஒரு நாள் மத்தியானம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபடியே, கையில் பாதி மடித்த துண்டோடு தூங்கிப்போனாள். சைக்கிள் வாங்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று அத்தானும் கிளம்பி வந்துவிட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை.

கடைக்காரர், பேசத் தெரிந்தவர் யார் என்று பார்த்த உடனே கண்டுகொண்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடமுக்கு எதுக்கு சார், சும்மா ஓட்டவா?"

"டெய்லி வேலைக்கு. ஆனா ஏனோதானோன்னு வேணாம். ஒரு பெர்ஃபார்மன்ஸ் இருக்கணும்."

"அப்ப இந்தச் சிவப்பை விட்றாதீங்க. வெயிட்டே கிடையாது. ஒரு கையில தூக்கலாம்."

அத்தான் ஒரு கையில் தூக்கிக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை.

"மட்கார்டு?" என்று கேட்டேன். அன்று நான் பேசிய முதல் சொல்.

"என்ன சார் கேக்கறாங்க?"

"மட்கார்டாம்."

"அதெல்லாம் தனி சார். கேரியர், ஸ்டாண்டு, லைட்டு எல்லாமே தனி. அப்பறமா மாட்டிக்கலாம்."

யானை வாங்குகிறவர் அங்குசத்துக்கா யோசிப்பார் என்ற நம்பிக்கை அவருக்கு. என் சம்பளத்துக்கு யானையே எட்டாது.

அத்தான் ஒரு பச்சையை ஓட்டிப் பார்த்தார். "கொஞ்சம் டைட்டு." பிறகு கறுப்பு. "முதுகு பிடிக்குது." யாருடைய முதுகு என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் சிவப்பின் முதுகைத் தட்டி, "இதுக்கே பில் போடுங்க," என்றார்.

கடைக்காரர் பேனாவைத் தேடினார்.

கடையின் பின்வரிசையில், காற்றடிக்கும் பம்புகளுக்குப் பின்னால், ஒரு சாம்பல் நிற சைக்கிள் நின்றது. மேலே தூசி. முன்னும் பின்னும் மட்கார்டு, கேரியர், செயின் கவர், விளக்கு. ஏறுவதற்குக் காலை வீசித் தூக்க வேண்டாம். கழுத்தில் தொங்கிய விலை என்னால் கொடுக்கக்கூடியது.

"அதை ஓட்டிப் பாக்கணும்," என்றேன்.

"அதுவா?" அத்தான் கண்ணை அகல விரித்தார். "முட்டை விக்கப் போறியா?"

"அது வயசானவங்க எடுக்கறது மேடம்," என்றார் கடைக்காரர். மேடம் என்று என்னையே பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அதை ஓட்டிப் பாக்கணும்." வேறு வாக்கியம் என்னிடம் இல்லை.

"சரி இரு, நான் ஓட்டிப் பாத்துச் சொல்றேன். சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்க."

நான் சீட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். "வேணாம் அத்தான். இது என் உயரத்துக்குத்தான் இருக்கு."

"விழுந்து கிழுந்து வெச்சா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

விழுவதற்கு எனக்கும் பயம்தான். அதைவிடப் பயம், அவர் பார்க்க விழுவது. ஆயுசுக்கும் சாப்பாட்டு மேசையில் அதைப் பரிமாறுவார். அதிலிருந்து தப்ப ஒரே வழி, அவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவது.

கைப்பையைக் கேரியரில் வைத்து ஏறினேன். சைக்கிள் பாம்பாக நெளிந்தது. பின்னாலிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் அறிவுரை சொல்லின. தபால் பெட்டி வந்தது.

"மேடம், அங்கயே திரும்பிடுங்க!"

நான் திரும்பவில்லை. ஆற்றில் எடுத்த தண்ணீரைச் சோதித்துவிட்டு, குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எங்கள் கூடத்தில் எழுத மாட்டோம். நான் தினமும் போக வேண்டியது தபால் பெட்டிக்கு அல்ல.

கிடங்குச் சுவரை ஒட்டிப் போய், லாரிகள் நிற்கும் சிக்னலில் காலை ஊன்றினேன். கால் தரையைத் தொட்டது. பாலத்தின் ஏற்றத்தில் பாதி வரை மிதித்து, பிறகு இறங்கித் தள்ளினேன். யாரும் சிரிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. தேங்கிய தண்ணீரில் ஏறி இறங்கியும் உடையில் சேறு படவில்லை.

பரிசோதனைக் கூடத்தின் வாசலில் காவலாளி எழுந்து வந்தார். "லீவு நாள்ல என்னம்மா?"

"சும்மா வந்தேன்."

"வண்டி புதுசா?"

"இன்னும் வாங்கல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர்.

திரும்பும்போது பாலத்தில் நான் இறங்கவில்லை.

கடையில் அத்தான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் கார் சாவி கடைக்காரரின் சட்டைப் பையில் இருந்தது.

"போனை எடுக்க மாட்டியா நீ? இந்த ஆளு என்னைக் கூட்டுத் திருடன் ரேஞ்சுக்குப் பாக்கறான்!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார். சாவி ஒரு சேஃப்டிக்குத்தான்," என்ற கடைக்காரர், சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்த பிறகே சாவியை எடுத்தார்.

"இதுக்கு பில் போடுங்க," என்றேன் அவரிடம். இந்தத் தடவை அவர் அத்தானைப் பார்க்கவில்லை.

அத்தான் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். கௌரவத்தையும் அதோடு தட்டி எடுத்துக்கொண்டார். "பிரேக் பிடிக்குதான்னு பாத்தியா?"

"பாலத்துல பிடிச்சுது."

"எந்தப் பாலம்?"

"தினமும் நீங்க என்னைக் கூட்டிட்டுப் போற பாலம்தான் அத்தான்."

நான் கிளம்பியபோது அவர் கடைக்காரருக்கு டிஸ்க் பிரேக் வேலை செய்யும் விதத்தை விளக்கத் தொடங்கியிருந்தார். சைக்கிள் விற்பவருக்கு.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். "அவரு எங்கடி?"

"கடையில. பாடம் எடுத்துட்டிருக்காரு."

அக்கா டயரைக் கட்டை விரலால் அமுக்கினாள். மணியை அடித்துப் பார்த்தாள். "அப்ப நாளையிலேருந்து கார் வேணாமா?"

"வேணாம்க்கா."

பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, என் முன்னாலேயே காலை அலாரத்தை அணைத்தாள்.

கார் வந்து நின்றது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. "கடை முழுக்க ஓட்டிப் பாத்து, கடைசியா நான்தான் இதைச் செலக்ட் பண்ணேன் சார்," என்று அத்தானின் குரல் கேட்டது.

அலாரம் அணைந்துவிட்டதா என்று அக்கா இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.